சுவருக்குள் மறையப்போவதை முதலில் பாருங்கள்

காலி மனையில் புது வீடு கட்டுவது வேறு, குடியிருக்கிற வீட்டையே உடைத்துப் புதுப்பிப்பது வேறு. இரண்டாவதில் வேலை நடக்கிற இடமும் நாம் தூங்கி எழுகிற இடமும் ஒன்றுதான். காலையில் பல் துலக்கக் குழாய் வேண்டும், ராத்திரி படுக்க ஒரு அறை வேண்டும், நடுவில் சுவரை உடைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு குளியலறை, சமையலறை, வீடு முழுக்க வயரிங், தரை என்று எல்லாவற்றையும் அங்கேயே குடியிருந்தபடி மாற்றினோம். முழங்கால் வலியோடு நடக்கிற அத்தை, பள்ளிக்குப் போகிற மகள், கணவர், நான். இதில் இறங்கப்போகிற யாராவது என்னிடம் கேட்டால் முதலில் ஒன்றைத்தான் சொல்வேன். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறையப்போகிற குழாய், வயர், நீர்த்தடுப்புப் பூச்சு, இவற்றுக்குத்தான் முதல் கவனமும் முதல் பணமும். பெயிண்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே போட்ட குழாயை மாற்ற வேண்டுமென்றால் மறுபடி உளியைத்தான் எடுக்க வேண்டும்.

எங்களை வேலையில் இறக்கிவிட்டது ஓதம், அதாவது சுவரில் ஊறுகிற ஈரம். குளியலறைக்கு அந்தப் பக்கம் இருக்கிற படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் கொப்புளமாக எழும்பி உரிந்துகொண்டே இருந்தது. உரிந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஓதத்தைச் சரிசெய்யவே முடியாது, மேலே என்ன பூசினாலும் கொஞ்ச நாளில் அதுவும் சேர்ந்து உரியும். அதனால் எதையும் உடைப்பதற்கு முன்னால் கசிவு எந்த வகை என்று பார்த்தோம். ராத்திரி எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்தோம். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தண்ணீர் வருகிற குழாயில் கசிவு. இறங்கவில்லையென்றால் கழிவுநீர்க் குழாயிலோ குளியலறைத் தரையிலோ கோளாறு. தண்ணீர் மீட்டர் இருக்கிற வீட்டில் மீட்டரைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். எங்கள் தொட்டியில் மட்டம் அப்படியே இருந்தது. அந்தக் குளியலறையைச் சில வாரம் பூட்டி வைத்தோம், சுவர் காய ஆரம்பித்தது. தரையும் சுவரும் சேர்கிற மூலைதான் காரணம் என்று அப்போது தெளிவாகிவிட்டது. செலவில்லாத இந்தச் சோதனையால் எங்கே உடைக்க வேண்டும் என்பது மட்டுமல்ல, எங்கே உடைக்க வேண்டாம் என்பதும் தெரிந்தது.

திட்டம் போடும்போது பெரும்பாலும் எல்லோரும் படங்களைப் பார்த்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, ஒரு சாதாரண நாளில் வீட்டில் எங்கெல்லாம் இடிக்கிறது என்று எழுதினேன். கட்டிலில் படுத்தபடி விளக்கை அணைக்க முடியவில்லை. மிக்ஸியை ஓட்ட வேண்டுமென்றால் வேறு எதையாவது பிடுங்க வேண்டும். துணி துவைக்கிற இயந்திரத்தின் தண்ணீர் போகிற வழி அடைத்துக்கொள்கிறது. அத்தைக்குக் குளியலறை வாசற்படி உயரம். இப்படி எழுதிய பட்டியல்தான் கடைசியில் வேலைப் பட்டியலாக மாறியது. அலமாரி நிறம், விளக்கு மாடல் எல்லாம் அதற்கு அப்புறம்தான் வந்தன.

சமையல் மேடை உயரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வழக்கமாக 85 முதல் 90 சென்டிமீட்டர் வைப்பார்கள். தினமும் அங்கே நிற்கிறவரின் முழங்கையை மடக்கி நிற்கச் சொல்லி, முழங்கைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே மேடை வருகிறதா என்று அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அதிகம் சமைப்பது கணவர், அவர் நல்ல உயரமான ஆள். பழைய மேடையில் குனிந்தே நின்றதால் அவருக்கு எப்போதும் இடுப்பு வலி. புது மேடையை அவருக்கு ஏற்றபடி உயர்த்தினோம். மேடை எல்லோருக்கும் பொது என்று நினைக்காமல், அதிகம் நிற்கிறவருக்காகப் போடுவதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

சுவரை எடுத்துவிட்டுச் சமையலறையையும் கூடத்தையும் ஒன்றாக்க வேண்டும் என்று எங்களுக்கும் ஆசை இருந்தது. தளத்தின் பாரம் எந்தச் சுவரில் இறங்குகிறது என்று கட்டடப் பொறியாளர் நேரில் வந்து பார்க்காமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது. தூணும் பீமும் போட்ட வீட்டில் சுவர் வெறும் தடுப்பாக இருக்கலாம். பழைய வீடுகளில் பல நேரம் சுவர்தான் தளத்தைத் தாங்கி நிற்கும், தட்டிப் பார்த்தோ தடிமனைப் பார்த்தோ முடிவு செய்கிற விஷயம் இல்லை அது. எங்கள் பொறியாளர் அந்தச் சுவரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார், ஆசையை விட்டுவிட்டோம். வயரைப் பதிக்கச் சுவரில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டுவதற்கும் ஒரு அளவு உண்டு என்று அவர்தான் சொன்னார். மேலிருந்து கீழாக வெட்டினால் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது, படுக்கை வசத்தில் ஆறில் ஒரு பங்கு. படுக்கை வசத்தில் நீளமாக வெட்டினால் சுவர் பலவீனமாகிவிடும். இந்த அளவை எலக்ட்ரீஷியனுக்கு முதல் நாளே சொல்லி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்ட பிறகுதான் வெட்ட விட்டோம்.

மதிப்பீடு வாங்கும்போது மொத்தத் தொகையாக வாங்காதீர்கள். உடைப்பது, கட்டடக் கழிவை அள்ளிப் போடுவது, பூச்சு, குழாய், வயரிங், நீர்த்தடுப்பு, டைல்ஸ் பதிப்பது, பெயிண்ட் என்று வேலை வாரியாக, பொருள் தனியாக, கூலி தனியாக எழுதி வாங்குங்கள். அதில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதை ஊன்றிப் படிக்க வேண்டும். கழிவை அகற்றுவது, சாரம் கட்டுவது, பழைய பெயிண்டைச் சுரண்டுவது, இவையெல்லாம் பல மதிப்பீடுகளில் இருப்பதே இல்லை. பணத்தை வேலை முடிகிற கட்டங்களோடு கட்டிப்போடுங்கள். குழாய்ச் சோதனை முடிந்தால் இவ்வளவு, நீர்த்தடுப்புச் சோதனை முடிந்தால் இவ்வளவு என்று. கடைசி 5 முதல் 10 சதவீதத்தைக் குறைகள் எல்லாம் தீரும்வரை நிறுத்தி வைப்பதைத் தொடக்கத்திலேயே பேசிக்கொண்டால் யாருக்கும் மனவருத்தம் வராது. பழைய வீடென்றால் மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்குங்கள். சுவரைத் திறந்த பிறகுதான் துருப்பிடித்த குழாயும் இற்றுப்போன வயரும் தெரியவரும்.

நடுவில் வருகிற மாற்றங்கள்தான் செலவை ஏற்றும். "இதையும் சேர்த்துப் பண்ணிடலாமே" என்று வாய்ப்பேச்சாகச் சொல்வதை நிறுத்திவிட்டோம். என்ன மாற்றம், எவ்வளவு கூடுதல், எத்தனை நாள் தள்ளும் என்று எழுதி இரு பக்கமும் ஒப்புக்கொண்ட பிறகுதான் வேலை. வேலையாட்களிடம் பேச வீட்டில் ஒருவர்தான் என்றும் வைத்துக்கொண்டோம். மற்றவர்கள் கருத்தை ராத்திரி என்னிடம் சொல்வார்கள், காலையில் நான் மேஸ்திரியிடம் சொல்வேன். ஒரே சுவருக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் பாவம், அவர் யார் பேச்சைக் கேட்பார்?

இனிக் குளியலறை. இந்த வேலை முழுக்க நான் விடாமல் கூடவே நின்றது இதற்குத்தான்.

முதலில் குழாய். காடி வெட்டிக் குழாய் பதித்ததும் உடனே பூசி மூடச் சம்மதிக்காதீர்கள். எல்லா முனைகளையும் அடைத்து, கைப்பம்பால் வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, சில மணி நேரம் விட்டு அழுத்தம் காட்டுகிற மீட்டரின் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ ஒரு இணைப்பு சரியில்லை. மூடிய பிறகு கண்டுபிடிப்பதற்கு எவ்வளவு செலவு என்று யோசித்தால், இந்தச் சில மணி நேரம் பெரிதே இல்லை. தரையில் கழிவுநீர் இறங்குகிற வாயில் வைக்கிற நஹானி ட்ராப்பில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஆழமில்லாத ட்ராப் போட்டால் என்ன ஊற்றிக் கழுவினாலும் நாற்றம் போகாது.

அடுத்தது நீர்த்தடுப்பு. தரையும் சுவரும் சேர்கிற மூலையைக் கூராக விடாமல் கலவையால் வளைவாகப் பூச வேண்டும், அந்த இடத்தில் வலைநாடா ஒட்டி அதன்மேல் பூச்சு. குழாய் தரையைத் துளைத்து வருகிற இடங்களைச் சுற்றியும் அப்படித்தான். பூச்சு தரையோடு நின்றுவிடக் கூடாது. சுவரில் குறைந்தது 15 சென்டிமீட்டர் ஏற வேண்டும், ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு. ஒரு அடுக்கு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த அடுக்கைக் குறுக்காக அடிக்க வேண்டும். அதன் பிறகு ட்ராப்பை அடைத்துத் தரை முழுக்கத் தண்ணீர் கட்டினோம். சுவரில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதி வைத்தேன். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48.

மேஸ்திரிக்கு அவசரம். "அக்கா, ஒரு நாள் தண்ணி நின்னுச்சு, போதாதா? டைல்ஸ் ஆளு காலையில வந்துடுவாரு" என்றார்.

"அண்ணே, அவரை ஒரு நாள் தள்ளி வரச் சொல்லுங்க. அந்த ஒரு நாள் கூலியை நான் தர்றேன்" என்றேன்.

அவரும் மறுப்புச் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் பார்த்தபோது தண்ணீர் பென்சில் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே. திறந்து கிடக்கிற தண்ணீர் கொஞ்சம் ஆவியாகத்தான் செய்யும், ஆனால் அது அவ்வளவு குறையாது. படுக்கையறைப் பக்கம் சுவரின் அடியில் கையை வைத்தால் ஈரம் பிசுபிசுத்தது. தண்ணீரை இறைத்துவிட்டு அவரே மண்டியிட்டு விளக்குப் பிடித்துப் பார்த்தார். மேற்கத்திய கழிப்பறையின் குழாயைச் சுற்றிக் காகிதம் நுழைகிற அளவுக்கு ஒரு கீறல். அதைச் சுரண்டி எடுத்து, இறுகுகிற கலவையால் அடைத்து, மறுபடி வலைநாடா, மறுபடி பூச்சு, மறுபடி தண்ணீர். இந்த முறை கோடு அசையவில்லை. அடுத்த குளியலறையில் 48 மணி நேரத்தை அவரே கணக்கில் சேர்த்துக்கொண்டு வேலையை அமைத்தார்.

தரை வாட்டத்துக்கும் இதே கவனம் வேண்டும். மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கம் ட்ராப்பை நோக்கி இருக்க வேண்டும். ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதோடு, டைல்ஸ் பதித்து இறுகியதும் இடுக்குகளை அடைக்கிற க்ரவுட் போடுவதற்கு முன்னால் நாலு மூலையிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்காவது குளமாக நின்றால் அப்போதே அந்த டைல்ஸை எடுத்துவிடலாம். நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பாருங்கள். அடியில் கலவை பரவாத இடத்தில் ஓசை தனியாகக் கேட்கும், நாளைக்குக் கனமான எதுவும் விழுந்தால் முதலில் உடைவது அந்த டைல்ஸ்தான். டைல்ஸ் வாங்கும்போது தேவைக்கு மேல் 10 சதவீதம் சேர்த்து, எல்லாப் பெட்டியிலும் ஒரே ஷேட் எண்ணா என்று பார்த்து வாங்க வேண்டும். அப்புறம் வாங்கினால் அதே மாடலிலும் நிறம் லேசாக மாறும்.

அத்தைக்காகக் குளியலறை வாசற்படியை எடுத்துவிட்டு, உள்ளே தரையைத் தாழ்த்தினோம். கைப்பிடிக் கம்பி எங்கே வரும் என்று டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னாலேயே முடிவு செய்யுங்கள். தரையிலிருந்து 84 முதல் 91 சென்டிமீட்டர் உயரத்தில், ஆள் முழு எடையையும் போட்டுப் பிடித்தாலும் தாங்குகிற கெட்டியான சுவரில்தான் அது வர வேண்டும். கழிப்பறை இருக்கையும் 43 முதல் 48 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் முழங்கால் வலிக்காரர்களுக்கு எழுந்திருக்கச் சுலபம். அத்தையை வெறும் அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, எழுந்திருக்கும்போது கை தானாக எங்கே போகிறது என்று பார்த்து அந்த இடத்தைச் சுவரில் குறித்தோம். "எனக்காக எதுக்கும்மா இவ்வளவு" என்று முதலில் தயங்கியவர், இப்போது யாரையும் கூப்பிடாமல் போய் வருகிறார். இந்த வேலையிலேயே எனக்கு அதிகச் சந்தோஷம் கொடுத்தது இது.

வயரிங்கில் சுருக்கமாகச் சொல்ல வேண்டியவை சில. விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக் பாயிண்ட்டுக்கு 2.5, வாட்டர் ஹீட்டர், ஏசி போன்றவற்றுக்கு 4 என்று வயர் பருமன் பொதுவாக வைப்பார்கள். பெரிய சாதனம் ஒவ்வொன்றுக்கும் தனி லைன், மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக அணைகிற எம்சிபி சுவிட்சும் தனி. எம்சிபி வயரைத்தான் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்ற, மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும், எர்த்திங்கும் சரியாக இருக்க வேண்டும். பூசி மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும், அளவுநாடாவைப் பிடித்து வைத்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் தூரம் தெரிகிறபடி போட்டோ எடுங்கள். பின்னால் அலமாரி மாட்ட ட்ரில் போடும்போது குழாயில் இறங்காமல் காப்பாற்றுவது அந்தப் படங்கள்தான்.

இதற்கு நடுவில் வாழ்வது எப்படி? எங்களைக் காப்பாற்றியது ஒரு அறை. வீட்டின் ஒரு கோடியில் இருக்கிற அறையில் வேலையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அதை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டோம். கதவு இடுக்கை நாடாவால் ஒட்டி, வாசலில் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டை இரண்டு அடுக்காகத் தொங்கவிட்டு, அடியில் ஈரச் சாக்கு. வேலை நடக்கிற பக்கம் ஜன்னல்களைத் திறந்து, இந்தப் பக்கம் மூடி. அந்த அறைக்குள் வேலைச் செருப்போடு யாரும் வரக் கூடாது. அத்தையும் மகளும் பகலில் அங்கேதான்.

தூசியை எரிச்சல் என்று மட்டும் நினைக்கக் கூடாது. டைல்ஸ், கான்கிரீட், செங்கல் இவற்றை உலர வெட்டினால் பறக்கிற நுண்ணிய சிலிக்கா துகள் நுரையீரலின் ஆழம்வரை போய்த் தங்கிவிடும், துணி முகமூடி அதைத் தடுக்காது. வெட்டுகிற இயந்திரத்தை வெளியே வைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டச் சொன்னோம். வேலையாட்களுக்கு என்95 முகமூடி வாங்கி வைத்தோம். நம் வீட்டுக்காக மூச்சைக் கொடுக்கிறவர்கள் அவர்கள்தானே. மிகப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதைக் காய்ந்தபடி தேய்க்கக் கூடாது, நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வேறு எங்காவது தங்குவதுதான் நல்லது. மகளை நாங்கள் அந்த வாரம் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பெருக்கும்போதும் துடைப்பத்தால் உலரப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

இரண்டு குளியலறையையும் ஒரே நேரத்தில் தொட விடாதீர்கள், வேலை சீக்கிரம் முடியும் என்று யார் சொன்னாலும் சரி. முதல் வேலையாக ஒவ்வொரு குளியலறைக்கும் சமையலறைக்கும் தனித்தனி வால்வு போட்டுக்கொண்டோம். ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் தண்ணீர் வரும். வேலைக்கு வருகிறவர்களுக்கு எந்தக் கழிப்பறை, குடிதண்ணீர் எங்கே என்பதை முதல் நாளே காட்டிவிடுவது மரியாதை. சமையலைக் கூடத்து மூலையில் ஒரு மேசை, ஒரு மின் அடுப்பு, ஒரு வாளி என்று சுருக்கிக்கொண்டோம், பாத்திரத்தில் பாதிக்கு மேல் பெட்டிக்குள். டைல்ஸ் பெட்டிகளை அறை நடுவில் அடுக்க விடாதீர்கள், கனம் அதிகம். சுவரோரமாகப் பரப்பி வைக்க வேண்டும். சாயங்காலம் அவர்கள் கிளம்புவதற்கு முன் நடக்கிற வழியில் ஆணி, கம்பித் துண்டு, தொங்குகிற வயர் எதுவும் இல்லாமல் பார்க்கிற வேலையை ஒரு நாளும் விடவில்லை. இருட்டில் அத்தை எழுந்து நடப்பார்.

பொறுமை அதிகம் தேவைப்பட்டது பூச்சு விஷயத்தில்தான். சிமென்ட் காய்வதால் கெட்டியாவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து வினைபுரிவதால்தான் இறுகுகிறது. அதனால் பூசிய சுவரை ஏழு நாளாவது நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஏழு நாள் முடிந்த பிறகுதான் காய்வதே தொடங்கும். ஏறக்குறைய நான்கு வாரம் விட்டு அப்புறம் ப்ரைமர். பெயிண்டர் வந்து நிற்கிறார், வீடு முடிந்தால் போதும் என்று நமக்கும் இருக்கும். ஆனால் ஈரச் சுவரில் அடித்தால் அதே கொப்புளம்தான் திரும்பி வரும். அந்த வாரங்களில் தச்சு வேலைக்கு அளவெடுத்தோம். அலமாரிக்கும் கதவுக்கும் டைல்ஸ் பதித்து முடிந்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். பழைய தரையின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் தரை ஒன்றரை சென்டிமீட்டராவது உயரும், கதவின் அடிப்பக்கத்தைச் சீவ வேண்டிவரும்.

கடைசித் தொகையைக் கொடுப்பதற்கு முன் சுவரைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறையும், ராத்திரி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்து ஒருமுறையும் பாருங்கள், மேடு பள்ளம் தெரிந்துவிடும். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து விடுங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், கரண்ட் உடனே போக வேண்டும். ஒரு நல்ல மழை வந்து போகும்வரை வெளிச்சுவர் கணக்கை நாங்கள் முடிக்கவில்லை, அதற்கு மேஸ்திரியும் முதலிலேயே ஒப்புக்கொண்டிருந்தார். மிச்ச டைல்ஸில் ஒரு பெட்டி, பெயிண்ட் நிறங்களின் எண்கள், சுவர்ப் படங்கள், பொறியாளர் வரைந்த தாள் எல்லாம் இப்போது ஒரே அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொரு வால்வுக்கும் எம்சிபிக்கும் எது எதற்கு என்று மகள் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள். போன வாரம் மேல் குளியலறைக் குழாயில் வாஷர் போனபோது அவளே போய் அந்த வால்வை மட்டும் மூடிவிட்டாள். நான் பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டு, கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.